மதீனாவின் ஒரு வாசலும் இஃதிகாப் சட்டங்களும்

ரமழான் மாதத்தின் இறுதிப் பத்து நாட்கள் நெருங்கும்போதெல்லாம் ஒரு வாசகர் கடிதம் என் நினைவுக்கு வருவதுண்டு. பல வருடங்களுக்கு முன்னர் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் நோன்புகாலச் சிறப்புப் பக்கத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஸஹர், இப்தார் நேர அட்டவணை, மார்க்கக் கட்டுரை ஒன்று, அரை நிரல் அளவுக்கு வாசகர் கேள்விகள் என்று அந்தப் பக்கம் நிரம்பிவிடும். பெண்கள் இஃதிகாப் இருக்கலாமா என்ற கேள்விக்கு, சென்னையில் அச்சான சிறுநூலொன்றைப் பார்த்து, வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் தாராளமாக இருக்கலாம் என்று நான்கு வரியில் பதில் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் கிழக்கு மாகாணத்திலிருந்து பெண்ணொருவரின் கடிதம் வந்தது. தாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர் என்றும், அந்த மத்ஹபின்படி வீட்டில் இருப்பது இஃதிகாப் ஆகாது என்பதைச் சிறுவயதிலேயே கிதாபில் ஓதியிருப்பதாகவும், தமது ஊர்ப் பள்ளிவாசலிலோ பெண்களுக்கு இடம் இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அப்படியானால் நான் எங்கே இருப்பது என்ற கேள்வியோடு கடிதம் முடிந்திருந்தது. பெருநாள் மலர் வேலை தலைக்குமேல் இருந்த நாட்கள் அவை. கடிதத்தையும் பிரசுரிக்கவில்லை, திருத்தமும் வெளியிடவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் வாசித்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

இஃதிகாப் என்ற சொல்லுக்கு ஒன்றைப் பற்றிக்கொண்டு அங்கேயே தரித்திருத்தல் என்பது பொருள். சொல்லளவில் அது நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவானது. மூஸா நபியின் சமூகத்தார் கன்றுக்குட்டிச் சிலையை விடாமல் சூழ்ந்திருந்ததைச் சொல்லும்போதும் அல்குர்ஆன் இதே வேர்ச்சொல்லையே கையாள்கின்றது. மார்க்க வழக்கில் அதன் பொருள் குறுகியது: இறைவனை நெருங்கும் எண்ணத்தோடு ஒருவர் பள்ளிவாசலில் தங்கியிருத்தல். தொழுகை, குர்ஆன் ஓதல், இறைதியானம் ஆகியவற்றில் அந்த நேரம் கழியும். வியாபாரம், வீட்டுக் காரியம், ஊர்க்கதை எல்லாம் வெளியே நின்றுவிடும். காட்டுக்கோ மலைக்கோ சென்று தவமிருக்கும் துறவல்ல இது. ஊர் மக்கள் ஐவேளையும் வந்து போகும் கட்டடத்துக்குள் இருந்துகொண்டு மேற்கொள்ளும் தனிமை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இவ்வழக்கம் இஸ்லாத்துக்கு முந்தியது. கஃபாவைச் சுற்றி வருவோருக்காகவும் அங்கு தங்கியிருப்போருக்காகவும் தொழுவோருக்காகவும் அவ்வாலயத்தைத் தூய்மையாக வைத்திருக்குமாறு இப்ராஹீம், இஸ்மாயீல் ஆகிய இருவருக்கும் கட்டளையிடப்பட்டதாக அல்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் கூறுகின்றது. அறியாமைக் காலத்து மக்காவிலும் அது வழக்கில் இருந்தமைக்கு உமர் (ரழி) அவர்களே சாட்சி. இஸ்லாத்தை ஏற்பதற்கு முன்னர், மஸ்ஜிதுல் ஹராமில் ஓர் இரவு இஃதிகாப் இருப்பதாக அவர் நேர்ச்சை செய்திருந்தார். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் ஹுனைன் போரிலிருந்து திரும்பிய வேளையில் அதைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, நேர்ச்சையை நிறைவேற்றுமாறு பணிக்கப்பட்டார். ‘ஓர் இரவு’ என்ற இந்தச் சிறு தகவலுக்குப் பிற்காலத்தில் பெரும் சட்டப் பெறுமதி ஏற்பட்டது. இரவில் நோன்பு கிடையாது. ஆகவே இஃதிகாபுக்கு நோன்பு நிபந்தனையல்ல என்று ஷாபிஈ அறிஞர்கள் வாதிட்டனர். வேறோர் அறிவிப்பில் ‘ஒரு பகல்’ என்று வந்திருப்பதை ஹனபி அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். நேர்ச்சைக்குரிய இஃதிகாபுக்கு நோன்பு வேண்டும் என்பது அவர்களது நிலைப்பாடு. மாலிகி மத்ஹபிலோ எந்த இஃதிகாபும் நோன்பின்றி நிறைவேறாது.

மதீனாவில் நபிகளார் (ஸல்) இதை எவ்வாறு கடைப்பிடித்தார்கள் என்பதை அபூ ஸயீத் அல்குத்ரி (ரழி) விரிவாக அறிவித்திருக்கின்றார். ஒரு ரமழானில் முதல் பத்து நாட்கள் இருந்தார்கள். பின்னர் நடுப்பத்தும் இருந்தார்கள். துருக்கிக் கூடாரம் என்று அழைக்கப்பட்ட சிறியதொரு கம்பளிக் கூடாரத்துக்குள் அவர்கள் தங்கியிருந்தார்கள். அதன் வாயிலில் ஒரு பாய் தொங்கியது. லைலத்துல் கத்ர் என்னும் மாட்சிமிக்க இரவு இறுதிப் பத்திலேயே இருப்பதாகத் தமக்கு அறிவிக்கப்பட்டதும், அந்தப் பாயை விலக்கித் தலையை வெளியே நீட்டி மக்களை அழைத்து, தம்மோடு இருந்தவர்கள் இறுதிப் பத்திலும் தொடரலாம் என்றார்கள். இருபத்தோராம் இரவில் மழை பெய்தது. ஈச்ச ஓலை வேய்ந்த கூரை ஒழுகித் தரை சேறானது. காலைத் தொழுகை முடிந்து திரும்பியபோது நபிகளாரின் நெற்றியிலும் மூக்கிலும் ஈரமண் ஒட்டியிருந்ததை அபூ ஸயீத் (ரழி) பார்த்திருக்கின்றார். இன்று பளிங்குத் தரையில் குளிரூட்டியின் கீழ் இஃதிகாப் இருப்பவர்கள் இந்த அறிவிப்பை ஒருமுறை வாசிப்பது நல்லது.

அதன் பின்னர் ரமழானின் இறுதிப் பத்து என்பது நிலையான வழக்கமாயிற்று. வபாத்துக்கு முந்திய ரமழானில், அதாவது ஹிஜ்ரி 10இல் மட்டும் இருபது நாட்கள் இருந்தார்கள்.

சட்டங்கள் பிறந்த இடத்தை விளங்கிக்கொள்ள அந்தப் பள்ளிவாசலின் அமைப்பை மனதில் கொள்ளவேண்டும். நபிகளாரின் மனைவியரின் அறைகள் பள்ளிவாசலை ஒட்டியே அமைந்திருந்தன. பச்சைச் செங்கல்லும் ஈச்ச மட்டையும் மண்பூச்சும் கொண்ட சிறு அறைகள் அவை. தாம் இளைஞனாக இருந்தபோது அவற்றின் கூரையைக் கையால் தொட்டதாக ஹஸன் அல்பஸரி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆயிஷா (ரழி) அவர்களின் அறைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே இருந்தது ஒரு வாசல் மட்டுமே.

இஃதிகாப் இருக்கும் நாட்களில் நபிகளார் (ஸல்) பள்ளிவாசலுக்குள் இருந்தவாறே தலையை அந்த வாசலால் உள்ளே நீட்டுவார்கள். அறைக்குள் இருந்தபடி ஆயிஷா (ரழி) தலையைக் கழுவிச் சீவிவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களிலும் இவ்வாறு செய்ததாக அவர்களே கூறுகின்றார்கள். இயற்கைத் தேவைக்காக அன்றி நபிகளார் வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்பதும் அவர்களது கூற்றே. குடும்ப வாழ்க்கையின் இந்தச் சாதாரணக் காட்சியிலிருந்து சட்ட அறிஞர்கள் எத்தனை விதிகளை எடுத்தார்கள் என்பதைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கின்றது. உடலின் ஒரு பகுதி வெளியே வருவது வெளியேறியதாகக் கருதப்படாது. தலை வாருவதும் தூய்மை பேணுவதும் இஃதிகாபுக்கு முரணல்ல. மனைவியின் கை படுவது, இச்சையோடு அல்லாதவிடத்து, அதை முறிக்காது. மாதவிலக்கான பெண்ணின் கை அசுத்தமானதல்ல. ஒரு வாசற்படியின் இரு புறமும் இருந்த இருவர், ஒரு சீப்பு, இவ்வளவுதான் மூலம்.

அல்குர்ஆன் நேரடியாகக் கூறும் விதி ஒன்றே. பள்ளிவாசல்களில் இஃதிகாப் இருக்கும்போது மனைவியரோடு கூடக்கூடாது என்பது அது. சிலர் இஃதிகாப் நாட்களில் இடையே வீட்டுக்குச் சென்று மனைவியுடன் இருந்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்துகொண்டார்கள் என்றும், அதைத் தடுக்கவே இவ்வசனம் இறங்கியது என்றும் ஆரம்பகால விரிவுரையாளர்கள் குறித்திருக்கின்றனர். வீடு அவ்வளவு அருகில் இருந்த ஊர் அது.

நோயாளியை நலம் விசாரிக்கப் போகலாமா, ஜனாஸாவில் கலந்துகொள்ளலாமா என்ற கேள்விகளுக்கும் ஆயிஷா (ரழி) அவர்களே விடை சொன்னார்கள். இரண்டுக்காகவும் வெளியே செல்லலாகாது என்பது அவர்களது கருத்து. தாம் இஃதிகாபில் இருக்கும்போது தேவைக்காக வீட்டுக்குள் போகையில் அங்கு நோயாளி இருந்தால், நடந்துகொண்டே விசாரித்துவிட்டுச் செல்வார்களாம். நின்று பேசமாட்டார்கள். அவசியமின்றி ஒரு கணம் வெளியேறினாலும் இஃதிகாப் முறியும் என்று இமாம் அபூ ஹனீபா சொல்ல, அரை நாளுக்கு மேல் வெளியே இருந்தால்தான் முறியும் என்று அவரது மாணவர்களான அபூ யூசுபும் முஹம்மதும் கூறினார்கள். உணவுக்காக வீடு சென்றுவர ஷாபிஈ மத்ஹப் இடமளிக்கின்றது. ஹனபி மத்ஹபிலோ உணவு பள்ளிவாசலுக்கு வரவேண்டும்.

இனி என் வாசகியின் கேள்விக்கு வருகின்றேன். ஒரு ரமழானில் ஆயிஷா (ரழி) இஃதிகாப் இருக்க அனுமதி கேட்டார்கள். நபிகளார் (ஸல்) அனுமதித்தார்கள். பள்ளிவாசலுக்குள் ஆயிஷாவுக்கு ஒரு கூடாரம் எழுந்தது. உமரின் மகளான ஹப்ஸா (ரழி), தமக்காகவும் அனுமதி கேட்டுத் தருமாறு ஆயிஷாவிடம் சொல்லித் தாமும் ஒன்றை அமைத்தார்கள். இதைக் கண்ட ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) மூன்றாவது கூடாரத்தை எழுப்பினார்கள். காலைத் தொழுகை முடிந்து திரும்பிய நபிகளார் தம்முடையதோடு சேர்த்து நான்கு கூடாரங்கள் நிற்பதைக் கண்டார்கள். இது என்ன என்று கேட்டார்கள். விடயம் சொல்லப்பட்டதும், இதற்குக் காரணம் நன்மையை நாடும் எண்ணம்தானா என்று வினவினார்கள். கூடாரங்களைப் பிரிக்கச் சொன்னார்கள். தமது கூடாரத்தையும் பிரித்து, அந்த ரமழானில் தாமும் இஃதிகாப் இருக்காமல் விட்டார்கள். அதற்கு ஈடாகப் பெருநாள் மாதமான ஷவ்வாலில் பத்து நாட்கள் இருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை இரு தரப்பாரும் தமக்குச் சாதகமாக எடுத்தாள்வதுண்டு. பெண்கள் பள்ளிவாசலில் இருப்பதை நபிகளார் விரும்பவில்லை என்பதற்கு இது சான்று என்பர் ஒரு சாரார். முதலில் அனுமதி வழங்கியதை மறந்துவிடலாகாது என்பர் மறுசாரார். உரையாசிரியர்கள் பல காரணங்களைச் சொல்கின்றனர்: மனைவியரிடையே போட்டி தலைகாட்டியது, தொழுவோருக்கு இடம் நெருக்கடியானது, மனைவியர் சூழ இருந்தால் தனிமையின் நோக்கமே இல்லாமல் போகும் என்று பலவாறு. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. அந்த மூவரில் ஆயிஷாவுக்கும் ஹப்ஸாவுக்கும் பள்ளிவாசலை ஒட்டியே அறை இருந்தது. வீட்டில் இருப்பதே இஃதிகாப் ஆகுமென்றால், சில அடி தூரத்தில் சொந்த அறை இருக்க அவர்கள் எதற்காகப் பள்ளிவாசலுக்குள் கூடாரம் அடிக்கவேண்டும்? கூடாரங்களைப் பிரிக்கச் சொன்னபோதும், அறைக்குள் போய் இருங்கள், அது போதும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டதாக அறிவிப்பு இல்லை.

வேறொரு சமயம் நபிகளாரின் மனைவியருள் ஒருவர், தொடர் உதிரப்போக்கு இருந்த நிலையிலும் அவர்களோடு பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்ததையும், தொழும்போது கீழே ஒரு பாத்திரம் வைக்கப்பட்டதையும் ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கின்றது. நபிகளாரின் வபாத்துக்குப் பின்னரும் அவர்களது மனைவியர் இஃதிகாப் இருந்துவந்தனர்.

ஸபிய்யா (ரழி) அவர்களின் சம்பவத்தையும் இங்கு சொல்லவேண்டும். இறுதிப் பத்தின் ஓர் இரவில் அவர்கள் நபிகளாரைக் காணப் பள்ளிவாசலுக்கு வந்து சிறிது நேரம் பேசியிருந்துவிட்டு எழுந்தார்கள். அவர்களது இருப்பிடம் சற்று அப்பால், உஸாமாவின் வீட்டுப் பக்கம் இருந்தது. நபிகளாரும் எழுந்து கூடவே நடந்தார்கள். உம்மு ஸலமா (ரழி) அவர்களின் வாசலை ஒட்டிய பள்ளிவாசல் கதவருகே மதீனாவாசிகள் இருவர் அவ்வழியே விரைந்தனர். அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸபிய்யா என்று நபிகளார் தெரிவித்தார்கள். மனைவி வந்து பேசுவதும், எழுந்து வழியனுப்புவதும் இஃதிகாபுக்குக் குந்தகமல்ல என்பது இதிலிருந்து பெறப்பட்ட சட்டம். இரவு நேரத்தில் பெண்ணொருவர் பள்ளிவாசலுக்கு வந்து கணவரோடு பேசிவிட்டுத் திரும்பியதை அக்கால மதீனா இயல்பான ஒன்றாகவே கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அந்த அறைகள் நீண்ட காலம் நிலைக்கவில்லை. உமையா கலீபா முதலாம் வலீதின் ஆணைப்படி, மதீனாவின் ஆளுநராயிருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் பள்ளிவாசலை விரிவாக்கினார். ஹிஜ்ரி 88ஆம் ஆண்டில், கி.பி. 707இல் பணி தொடங்கியது. அறைகள் இடிக்கப்பட்டன. ஆணை வாசிக்கப்பட்ட நாளில் மதீனா மக்கள் அழுதார்கள் என்றும், நபிகளார் எவ்வளவு எளிமையோடு வாழ்ந்தார்கள் என்பதைப் பின்வருவோர் கண்டுகொள்ள அவற்றை அப்படியே விட்டிருக்கலாமே என்று ஸயீத் இப்னுல் முஸய்யிப் வருந்தினார் என்றும் வரலாறு கூறுகின்றது. நபிகளாரின் அடக்கத்தலம் என்பதால் ஆயிஷா (ரழி) அவர்களின் அறை மட்டும் சுவரால் சூழப்பட்டுக் கட்டடத்துக்குள் அடங்கிற்று. எந்த வாசற்படியைத் தாண்டுவது வெளியேறுதல் என்று கருதப்பட்டதோ, அதன் இரு புறங்களும் இன்று அந்த மாபெரும் கட்டடத்தின் உள்ளேதான் இருக்கின்றன. இஃதிகாப் நாட்களில் நபிகளாரின் படுக்கை இடப்பட்ட இடத்தில், அடக்கத்தலத்தின் கம்பித்தடுப்பை ஒட்டி, ‘கட்டில் தூண்’ என்று பெயர் பொறிக்கப்பட்ட தூணொன்று நிற்கின்றது.

சட்டத்தைத் தொகுத்த பெரும் இமாம்கள் இந்த இடிப்புக்குப் பின்னர் உருவான தலைமுறையினர். மதீனாவின் இமாம் மாலிக் ஹிஜ்ரி 93இல்தான் பிறந்தார். அந்த வாசலை அவர் அப்படியே கண்டிருக்க வாய்ப்பில்லை. அபூபக்ர், உமர், உஸ்மான் (ரழி) போன்றோர் இஃதிகாப் இருந்ததாகத் தமக்குச் செய்தி எட்டவில்லை என்று அவர் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அதன் கடுமையே காரணமாயிருக்கலாம் என அவர் கருதினார். நபிகளார் மதீனா வந்ததிலிருந்து விடாமல் செய்த ஒன்றை முஸ்லிம்கள் கைவிட்டுவிட்டார்களே என்று அவரது ஆசிரியர் ஸுஹ்ரி ஆதங்கப்பட்டார். பிற்கால ஆய்வாளர்கள், நபித்தோழர்கள் பலர் இருந்ததற்குச் சான்று உண்டு எனக் காட்டியிருக்கின்றனர். ஆயினும் ஊரில் ஒருவர்கூட இருக்காவிட்டால் ஊரார் அனைவரும் குறைகூறப்படுவர் என்ற ஹனபி விதியின் பின்னணியில் இவ்வாறான ஒரு கவலை இருந்திருக்கும் என்றே நினைக்கின்றேன்.

பெண்கள் விடயத்தில் இரு பாதைகள் பிரிந்தன. பெண்ணுக்கு வீட்டுத் தொழுகையே சிறந்தது. ஆகவே வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய இடமே அவளது பள்ளிவாசல், அங்கேயே இஃதிகாப் இருக்கவேண்டும் என்றனர் ஹனபிகள். மாலிகி, ஹன்பலி அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. இமாம் ஷாபிஈ அவர்களின் நிலை சுவாரசியமானது. ஆரம்பத்தில் வீட்டில் இருப்பது செல்லும் என்பதே அவரது கருத்தாக இருந்தது. எகிப்துக்குச் சென்றபின் வெளியிட்ட புதிய கருத்தில் அது செல்லாது என்றார். மத்ஹபில் நிலைபெற்றது இந்தப் புதிய கருத்தே. இமாம் நவவியின் மின்ஹாஜ் இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகின்றது. அதேவேளை, கூடாரச் சம்பவத்தை வைத்து, கூட்டுத் தொழுகை நடைபெறும் பள்ளிவாசலில் பெண்கள் இருப்பதை இமாம் ஷாபிஈ விரும்பத்தகாததாகவும் கருதினார். ஆக, வீட்டில் இருந்தால் செல்லாது, பள்ளிவாசலில் இருப்பது சிறப்பல்ல என்ற இக்கட்டு. கிழக்கு மாகாணத்துப் பெண்ணின் கேள்வி ஆயிரத்து இருநூறு ஆண்டு வயதுடையது.

இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையினர் ஷாபிஈகள். கொழும்பின் மேமன் சமூகத்தவர் போன்றோர் ஹனபிகள். தமிழ்நாட்டிலோ காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்கள் ஷாபிஈ, உட்பகுதிகள் பெரும்பாலும் ஹனபி. அங்கு எழுதப்பட்ட நூல் இங்கு கடைக்கு வரும்போது, எந்த மத்ஹபின் சட்டம் என்ற குறிப்பு பல வேளைகளில் இருப்பதில்லை. எனக்கு நேர்ந்ததும் அதுவே. ஆனால் நூலைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. மத்ஹபு எதுவென்று கேட்டு எழுதுவது என் பொறுப்பு. பள்ளிவாசலின் பெண்கள் பகுதி வக்பு செய்யப்பட்ட பள்ளிவாசலின் அங்கமாக இருந்தால் அங்கு இருப்பது ஷாபிஈ சட்டப்படி செல்லும் என்பதையும், இரவு முழுவதும் தங்கவேண்டிய கட்டாயம் அந்த மத்ஹபில் இல்லை, எண்ணத்தோடு சிறிது நேரம் தரித்திருந்தாலும் இஃதிகாபே என்பதையும் அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். தராவீஹ் தொழ வரும் ஒரு மணித்தியாலம்கூட அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும், அவரது ஊரில் அப்படியொரு பகுதி இருந்திருந்தால்.

2020ஆம் ஆண்டு ரமழானில் நோய்த்தொற்றுக் காரணமாக இந்நாட்டின் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. மக்கா, மதீனா பள்ளிவாசல்களில் அவ்வருடமும் மறுவருடமும் இஃதிகாப் இடைநிறுத்தப்பட்டு, 2022இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கொழும்பில் ஊரடங்கு நிலவிய அந்த இறுதிப் பத்தில், வருடந்தோறும் இருந்து பழகிய நண்பர்கள் பலர் தொலைபேசியில் என்னைக் கேட்டார்கள்: வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி இருந்தால் ஆகாதா? ஆண்களுக்கு அது எந்த மத்ஹபிலும் செல்லாது, ஆலிம்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியானால் நாங்கள் எங்கே இருப்பது என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். அன்றிரவு அந்தப் பழைய கடிதத்தை என் கோப்புகளுக்குள் தேடினேன். கிடைக்கவில்லை.

அன்று வெளியிடாத திருத்தம் இது: பெண்கள் வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் இஃதிகாப் இருப்பது ஹனபி மத்ஹபின்படி செல்லும், ஷாபிஈ மத்ஹபின் நிலைபெற்ற கருத்தின்படி செல்லாது. அந்த மத்ஹபைப் பின்பற்றும் பெண்கள் பள்ளிவாசலிலேயே இருத்தல் வேண்டும். மணமானவர்கள் கணவரின் அனுமதியையும் பெறவேண்டும். தவறுக்கு வருந்துகின்றேன்.